எப்படிப் பிடித்தாலும் அதே நாலெழுத்து

கரிசல் மண்ணில் சுவர் நிற்காது என்றார்கள். நிறுத்திக் காட்டினேன். கோடையில் வெடித்து, மழையில் இளகி, மறுபடி கோடையில் வெடிக்கிற மண் அது. ஆள் உயரத்துக்கும் கீழே தோண்டி, ஆற்று மணலைக் கொட்டி, அதன் மேல் எழுப்பிய என் தீப்பெட்டி ஷெட் இன்றைக்கும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. கோவில்பட்டி பக்கம் வந்தால் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே தண்ணீர் கிடையாது என்ற இடத்தில் கிணறு வெட்டினேன். வந்தது உப்புத் தண்ணீர்தான்... ஆனால் தண்ணீர்! குச்சிக்கு மரம் ஏற்றிவர லாரி கிடைக்காத நாளில் கயத்தாறு ரோட்டில் நானே நின்று கைகாட்டி லாரி பிடித்தேன். கடன் தர யோசித்த பேங்க்கிலிருந்து பிற்பாடு என்னைத் தேடி வந்து பொன்னாடை போர்த்தினார்கள். இவ்வளவும் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் செய்தது.

இத்தனையும் கட்டியவன் ஒரு இங்கிலீஷ் வார்த்தையையும் கட்டியிருக்கிறேன் என்றால் நம்புவீர்களா?

என் மாப்பிள்ளை நம்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை பேங்க் ஆபீசர். காலையில் இங்கிலீஷ் பேப்பரை விரித்தார் என்றால் செய்தி பார்க்க மாட்டார். நேரே குறுக்கெழுத்துக் கட்டத்துக்குப் போய்விடுவார். பேனா மூடியைக் கடிப்பார். கூரையைப் பார்ப்பார். மறுபடி கடிப்பார்.

"என்ன மாப்பிள்ளை, தகராறு?"

"ஒரே ஒரு வார்த்தை மாமா. நாலெழுத்து. நடுவுல ரெண்டும் ஓ. அப்படி நூறு வார்த்தை இருக்கு. ஆனா எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாதுன்னு போட்டிருக்கான்."

நான் காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "NOON போடுங்க" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "உங்களுக்கு எதைக் கேட்டாலும் உங்க தீப்பெட்டி லேபிள் பேருதானா மாமா!" சிரித்துக்கொண்டே கட்டத்தில் பேனாவை வைத்தார். சிரிப்பு நின்றது. பேப்பரைத் திருப்பிப் பிடித்தார். அப்புறம் நேராகப் பிடித்தார்.

"அட... பொருந்துதே! உங்க லேபிள்ல இப்படி ஒரு விசேஷம் தற்செயலா அமைஞ்சிருக்கே மாமா!"

தற்செயலா?

கேட்டீர்களா இந்த வார்த்தையை? காடு மேடு சுற்றி ஒருத்தன் கண்டுபிடித்ததை, படித்தவர்கள் ஒரே வார்த்தையில் தற்செயல் ஆக்கிவிடுகிறார்கள். அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது என் சரக்கு முழுக்க நாகபுரி சேட் ஒருவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரே வாடிக்கை. அவர் எடுத்தால் நான் முதலாளி, எடுக்காவிட்டால் மறுபடியும் மம்பட்டி.

மானும் மயிலும் போட்ட லேபிளை சேட் திடீரென்று வேண்டாம் என்றார். படம் போட்ட பெட்டி பட்டிக்காட்டுப் பெட்டியாம். டவுனில் ஸ்டைலாக விற்க வேண்டுமாம். வெறும் இங்கிலீஷ் எழுத்து, அதுவும் நாலே நாலு. ஐந்து போட்டால் எழுத்து சிறுத்துவிடும், மூன்று போட்டால் இடம் மொட்டையாக நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அவரே PALM என்று ஒரு பெயர் வைத்து அனுப்பினார். நீலத்தாளில் வெள்ளை எழுத்து. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒட்டினோம். அனுப்பினோம். வந்தது வினை.

சேட்டின் மதராஸ் ஏஜென்ட் வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார். பையைத் திறந்து என் மேஜையில் தீப்பெட்டிகளைக் கொட்டினார். பெட்டிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு லேபிள்; பாதிப் பெட்டியில் முன்பக்கம் நேர், பின்பக்கம் தலைகீழ்!

"கடைக்காரன் எல்லாம் இது டூப்ளிகேட் சரக்குன்னு திருப்பி அனுப்புறான் சார். இன்னொரு லோடு இப்படி வந்தா உங்க கணக்கை முடிச்சுக்கச் சொல்லிட்டார் சேட்."

சொல்லிவிட்டு மோர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

லேபிள் ஒட்டுகிறவர்கள் எல்லாம் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி சுப்புத்தாய். வேலையும் வேகம், வாயும் வேகம். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பருத்தி முளைத்த இடத்திலேயே கருகிப் போனது. களையெடுப்பு கிடையாது, கதிரறுப்பு கிடையாது. அந்த வீடுகளில் உலை கொதித்தது என்றால் என் லேபிள் ஒட்டிய கூலியில் கொதித்ததுதான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

கணக்கர் சங்கரன் ஒரு யோசனை சொன்னார். "மொதலாளி, இவளுவளுக்கு இங்கிலீசு எழுத்துல தலை எது காலு எதுன்னு தெரியாது. அதான் வம்பு. டவுனுல பத்தாங்கிளாசு படிச்ச பிள்ளைக சும்மாதான் இருக்கு. இவியள நிப்பாட்டிட்டு அதுகளைப் போடுவோம். வேற வழியே இல்ல."

சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, தீப்பெட்டி ஷெட்டுக்கு உண்டு. ஐந்து நிமிஷத்தில் சுப்புத்தாய் பசைக்கையோடு வாசலில் நின்றாள். பின்னால் அத்தனை பேரும்.

"மொதலாளி, எங்கள நிப்பாட்டப் போறீயளாமே?"

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? மான் படம் ஒட்டுனோம், மயிலு ஒட்டுனோம், ஒரு குத்தம் உண்டா? இப்பம் வந்து நாலு கம்பியை வளைச்சு வச்சிக்கிட்டு, இதுல தலை எங்கன, காலு எங்கனன்னா நாங்க என்னத்தக் கண்டோம்? இதை விட்டா எங்களுக்கு என்ன இருக்கு? காட்டுல போயி வெடிப்பையா எண்ணுவோம்?"

கணக்கர் குறுக்கே விழுந்தார். "ஏட்டி, மொதலாளிகிட்டப் பேசுத பேச்சா இது?"

"நீரு சும்மா இரும்! நாங்க போனா உம்ம மதினி மகளைக் கொண்டாந்து வைக்கப் பாக்கீரு!"

கணக்கர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் அவசரப்பட்டு யாரையும் அனுப்புகிறவன் இல்லை. எதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் முடிவு. கணக்கர் சொன்ன படித்த பெண்களையே வரச் சொன்னேன். நன்றாகத் தலை வாரி, ரிப்பன் கட்டி வந்தார்கள். பலகையைப் போட்டு ஒட்டச் சொன்னேன். சுப்புத்தாய் ஆட்கள் எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

வேலை நடக்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லேபிள் கட்டைப் பிரித்து, முகம் கீழேயும் முதுகு மேலேயுமாகப் பலகையில் பரப்புவார்கள். முதுகில் பசையை ஒரு இழுப்பு. பெட்டியை எடுத்து அதன் மேல் ஒரு அமுக்கு. எடுத்தால் லேபிள் பெட்டியோடு வந்துவிடும். பெட்டியைப் புரட்டி மறுபக்கத்துக்கும் அப்படியே. கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. கட்டும் அச்சகத்திலிருந்து ஒரே வரிசையாக வராது. வெட்டும்போதே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரும்பிக் கலந்துதான் வரும்.

படித்த பெண்கள் ஒட்டி முடித்தார்கள். பார்த்தால், அவர்கள் ஒட்டியதிலும் பாதி தலைகீழ்!

சுப்புத்தாய்க்கு வந்ததே சந்தோஷம். "ஏட்டி, பத்தாங்கிளாசு படிச்சும் எங்களை மாதிரித்தான ஒட்டுதிய? இதுக்கா ரிப்பன் கட்டிக்கிட்டு வந்திய?"

ஒரு பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், முன்னாடி பாத்தா படிச்சிருவோம். இது பின்னாடி பாத்துல்லா ஒட்டணும்?"

அந்தப் பிள்ளை சொன்னது சரி. ஒரு லேபிளை முதுகு தெரியத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மான் படமாக இருந்தால் மெல்லிய தாளில் கொம்பு நிழலாடும், எது மேலே என்று தெரிந்துவிடும். எழுத்துக்கு ஏது கொம்பு? படித்தவனாக இருந்தாலும் பின்பக்கம் பார்த்தால் வெறும் கோடுதான். பெண்கள் பேரில் குற்றம் இல்லை. லேபிள் பேரில்தான் குற்றம்.

லேபிள் முதுகில் ஒரு புள்ளி வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதற்காக இரண்டாம் தடவை மிஷினில் ஏற்ற வேண்டும், அந்தச் செலவுக்கு லேபிள் இல்லாமலே நீங்கள் விற்கலாம் என்று சிவகாசி அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். பார்த்துப் பார்த்து ஒட்டினால் நேராக வரும். ஆனால் பார்த்துப் பார்த்து ஒட்டினால் கூலி கட்டாது, லோடும் நேரத்துக்குப் போகாது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யாரும் சொல்லவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஷெட் வாசலில் நின்று கைகழுவிக்கொண்டிருந்தேன். பெண்களை மாற்றினாலும் தலைகீழாகத்தான் ஒட்டுவார்கள் என்றால், தலைகீழே இல்லாத ஒரு பெயரை வைத்தால் என்ன?

சீட்டுக்கட்டில் ராஜா இருக்கிறார். அவரை எப்படிப் போட்டாலும் தலை மேலேதானே இருக்கிறது?

உடனே சைன்போர்டு எழுதுகிற பெயின்டரைக் கூப்பிட்டேன். இங்கிலீஷின் இருபத்தாறு பெரிய எழுத்தையும் தனித்தனி அட்டையில் பெரிதாக எழுதச் சொன்னேன். "எந்தப் பிள்ளைக்கு மொதலாளி பாடம்?" என்று கேட்டான். "எனக்குத்தாம்வே" என்றேன். அன்றிலிருந்து ஊரில் ஒரு பேச்சு, மொதலாளி இந்த வயதில் ஏ, பி, சி, டி படிக்கிறார் என்று. பேசட்டுமே!

பெண்களைச் சுற்றிலும் உட்கார வைத்து ஒவ்வொரு அட்டையாகத் தலைகீழாகத் திருப்பினோம். படித்தவர்களுக்கு எழுத்தைப் பார்த்ததும் சத்தம்தான் காதில் விழும். எங்களுக்கு அது வெறும் படம். அதனால் வேலை சுலபம்.

A கவிழ்ந்தால் காலை அகட்டிக்கொண்டு மல்லாந்து விட்டது. தள்ளு. M கவிழ்ந்தால் W ஆகிவிட்டது. "ஏமாத்துக்காரப் பய, இவனை நம்பப்படாது" என்றாள் சுப்புத்தாய். தள்ளு. O எப்படிப் போட்டாலும் O. "இவன் நம்ம தோசை" என்று ஒருத்தி எடுத்து வைத்தாள். H ஏணி மாதிரி நின்றது. I கம்பு. N, S, X, Z இவையும் தேறின. மற்றதெல்லாம் குப்புற விழுந்த கேஸ்.

கையில் மிஞ்சிய ஏழு அட்டையைத் தூக்கிக்கொண்டு ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார் தேவசகாயம் சார் வீட்டுக்குப் போனேன். நல்ல மனிதர். இங்கிலீஷில் கனவு காண்பார் என்று சொல்வார்கள்.

"சார், இந்த எழுத்துக மட்டும் வச்சு நாலெழுத்துல ஒரு வார்த்தை வேணும்."

"இதென்ன அண்ணாச்சி, இந்த வயசுல விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல சார். இத்தனை வீட்டு அடுப்பு."

சார் அதற்கு மேல் கேட்கவில்லை. யோசித்து ஒரு தாளில் SOON என்று பெரிதாக எழுதி வைத்தார். சீக்கிரம் என்று அர்த்தமாம். எனக்கும் சந்தோஷம். எதற்கும் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். NOOS என்று இருந்தது.

"சார், இங்கன வந்து படிங்க."

சார் எழுந்து வந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "ஒவ்வொரு எழுத்தும் சரியாத்தான இருக்கு... வார்த்தை மட்டும் மாறுதே!"

எனக்குப் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. வில்வண்டி மாதிரி சார், இந்தப் பக்கம் ஒரு சக்கரம் என்றால் அந்தப் பக்கமும் அதே சக்கரம் வேண்டும் என்றேன். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்று. நடுவில் இரண்டும் ஒன்று. அப்போதுதான் திருப்பினாலும் வண்டி ஓடும்.

"அண்ணாச்சி, அப்படிப் பாத்தா இங்கிலீசுல வார்த்தை கிடைக்கது ரொம்பக் கஷ்டம்."

"நீங்க வார்த்தையைத் தேடாதீங்க சார். நான் வண்டியைக் கட்டிக்கிட்டே வாரேன். அர்த்தம் உண்டா இல்லையான்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

சார் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு எழுத்துக்கு ஒரு அட்டைதானே இருக்கிறது என்று சார் பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஜோடி எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு வண்டியாகக் கட்டினேன்.

HOOH.

"ஆந்தை கத்துத மாதிரி இருக்கு. அர்த்தம் இல்ல."

SIIS.

"இல்ல."

OXXO.

"இல்ல அண்ணாச்சி."

XOOX.

"சத்தியமா இல்ல!"

சாரின் வீட்டுக்காரம்மா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "இவிய எங்கிட்ட ஒரு வார்த்தைக்கு மூணு வார்த்தை பேசுவாவ. இன்னைக்கு இல்ல, இல்லன்னு அதையே சொல்லுதாவளே, நல்லாருக்கு அண்ணாச்சி!"

நான் விடவில்லை. எடுத்ததை முடிக்காமல் எழுந்த பழக்கம் எனக்குக் கிடையாது. HIIH, SOOS, ONNO... சார் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். அடுத்து ஒன்றைக் கட்டினேன். அதற்கும் வழக்கம்போல் தலையாட்டப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

"அண்ணாச்சி... கையை எடுங்க."

எடுத்தேன்.

NOON.

சார் இந்தப் பக்கம் வந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். "நடுப்பகல்னு அர்த்தம் அண்ணாச்சி! நல்ல சுத்தமான இங்கிலீசு!"

இப்போது சொல்லுங்கள். இது தற்செயலா?

வேலை அத்தோடு முடியவில்லை. அச்சக ஓவியர் மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்தாகத் தொண்ணூறு மார்க் வாங்குகிற மாதிரி வரைந்தார். ஒப்புக்கொள்கிறேன், அழகாக வரைந்தார். ஆனால் எழுத்துக்குக் கீழே சேஃப்டி மேட்சஸ் என்று பொடியாக ஒரு வரி போட்டுவிட்டார்! அது ஒன்று போதாதா, தலைகீழைக் காட்டிக்கொடுக்க? சீட்டுக்கட்டு ராஜாவை அவர் முன்னால் எடுத்துப் போட்டேன். அந்த வரியைக் கீழே நேராக ஒன்று, மேலே கவிழ்த்து ஒன்று போடச் சொன்னேன். பார்டரையும் அப்படியே. "லேபிளுக்கு இப்படி யாரும் போட்டதில்லையே அண்ணாச்சி" என்றார். அதனால்தான் போடச் சொல்கிறேன் என்றேன்.

மாதிரிப் பெட்டி தயாரானதும் ஏஜென்ட்டை வரவழைத்தேன். இந்தத் தடவை மோர் குடித்தார். பெட்டியை அவர் கையில் கொடுத்து, "இதுல எது மேல, எது கீழ, சொல்லுங்க" என்றேன்.

திருப்பினார். மறுபடி திருப்பினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திருப்பினார். ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பினார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் வியாபாரி மூளை சும்மா இருக்குமா?

"எல்லாம் சரி சார். தீப்பெட்டிக்கு நடுப்பகல்னு பேரா? சேட் கேட்டா என்ன சொல்றது?"

"கரண்டு போன வீட்டுல ஒரு குச்சியைக் கிழிச்சா என்ன ஆகணும்? நடுப்பகல் ஆகணும். போயிச் சொல்லுங்க."

ஏஜென்ட் அதை டைரியில் எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு பதிலே இல்லை. பழைய லேபிளை ஒட்ட முடியாது, புதிய லேபிளுக்கு உத்தரவு வரவில்லை. பெண்கள் தினமும் காலையில் வருவார்கள். வெறும் பலகை முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் ஏறியதும் எழுந்து போவார்கள். எனக்குப் பயம் இல்லை. கண்டுபிடித்தவனுக்குத் தெரியாதா அது நிற்கும் என்று? ஆனால் சுப்புத்தாய் வாயடைத்துப் போனதைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை. கணக்கரிடம்கூடச் சண்டை போடவில்லை. அதுவே கணக்கருக்குக் கவலையாகிவிட்டது.

கடைசியில் ட்ரங்க் கால் வந்தது. லைனில் காற்று அடிக்கிற சத்தம்தான் அதிகம். அதற்கு நடுவே ஏஜென்ட் தொண்டை கிழியக் கத்தினார். "சார்! சேட் பெட்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தார்! வீட்டம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார்! லோடு அனுப்புங்க!"

போனை வைத்துவிட்டு ஷெட்டுக்கு வந்து, "ஒட்டுங்க" என்றேன். அவ்வளவுதான்.

"எப்படி ஒட்டணும் மொதலாளி?" என்றாள் சுப்புத்தாய்.

"உன் இஷ்டம்."

அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்! அன்றைக்கு ஒட்டினார்கள் பாருங்கள், ஒரு வேகம்! தலையும் கிடையாது, காலும் கிடையாது, திரும்பி வந்த பெட்டியும் கிடையாது. ஒரு பெண்ணையும் நிறுத்தவில்லை. ரிப்பன் கட்டி வந்த பிள்ளைகளுக்கும் பண்டல் கட்டுகிற இடத்தில் வேலை கொடுத்தேன். அதில் ஒருத்தி கணக்கரின் மதினி மகள்தான்! சுப்புத்தாய் அன்றைக்குச் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை.

இதிலிருந்து எனக்குத் தெரிந்தது ஒன்று. வேலையில் தப்பு வந்தால் எல்லோரும் முதலில் ஆளை மாற்றப் பார்க்கிறார்கள். ஆளை மாற்றுவது சுலபம். செய்கிற பொருளை எடுத்துத் திருப்பிப் பார்ப்பதற்குத்தான் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும்.

மாப்பிள்ளை முழுக்கக் கேட்டார். பேனாவைக் கீழே வைத்தார். எழுந்துபோய் உள்ளேயிருந்து ஒரு காலண்டரைக் கொண்டுவந்தார். அதே சிவகாசி அச்சகம் இந்த வருஷம் போட்ட காலண்டர். தாங்கள் அச்சடித்துப் பேர் வாங்கிய லேபிள்களை மாதத்துக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் NOON.

அதன் கீழே கொட்டை எழுத்தில்: "எங்கள் ஓவியரின் கற்பனையில் உதித்தது."

உதித்ததா? யார் கற்பனையில்?

மஞ்சள் அவருடையது, கறுப்பும் அவருடையது. கொடுத்துவிடுகிறேன். அர்த்தம் தேவசகாயம் சாருடையது, அதையும் கொடுத்துவிடுகிறேன். ஏமாற்றுக்கார M-ஐப் பிடித்துக் கொடுத்த சுப்புத்தாய்க்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அந்த நாலெழுத்து வண்டியைக் கட்டியவன் நான். அச்சகத்துக்காரர்கள் பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வருஷக் காலண்டரில் என் பெயர் வர வேண்டும். ஓவியர் பெயருக்கு மேலே, அதே கொட்டை எழுத்தில்.

பெட்டியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளுங்கள் ஐயா... என் பெயரை மட்டும் நேராகப் போடுங்கள்!